வீட்டுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின் போட்டு செர்ன் ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா? மெஷின் கெட்டுவிடாதா?

முடியும். மூன்று வருடமாக நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மெஷின் கெடவில்லை. என் ஊர் போடிநாயக்கனூர், பிழைப்பு ஏலக்காய்க் கடைக் கணக்கு. இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. அதனால் இயற்பியலை என்னிடம் கேட்காதீர்கள், ஓட்டுவதைப் பற்றிக் கேளுங்கள்.

உங்களிடம் 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, லேப்டாப் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், நடப்பது என்ன? செர்ன் என்பது ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆராய்ச்சி நிலையம். விர்ச்சுவல் மெஷின் என்பது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். எங்கள் ஸ்டோரில் மூட்டையைப் பிரித்து ஆளுக்கு ஒரு முறம் ஏலக்காய் கொட்டுவார்கள். அவரவர் முறத்தைப் பொறுக்கிக் கொடுத்தால் போதும், பக்கத்து முறத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. பாயிங்க் என்ற மென்பொருள் செய்வதும் இதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது, இலவசம். பெரிய கணக்கைத் துண்டு போட்டு ஊர் உலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, விடையை வாங்கிக்கொள்ளும். வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோம் 1999-இல் பிரபலமாக்கிய முறை இது. அந்தத் திட்டம் 2020-இல் வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது, மற்றவை நடக்கின்றன.

செர்னின் திட்டத்துக்குப் பெயர் எல்எச்சி அட் ஹோம். எல்எச்சி என்பது அங்கே துகள்களை மோதவிடும் பெரிய இயந்திரம். 2004-இல் தொடங்கியபோது விர்ச்சுவல் மெஷின் கிடையாது. சிக்ஸ்ட்ராக் என்று ஒரே ஒரு சின்ன ப்ரோகிராம், விண்டோஸிலேயே ஓடும். மோதல்களை உருவகப்படுத்தும் மென்பொருள்கள் அப்படியில்லை. எல்லாம் லினக்ஸில் எழுதியவை, ஒன்றை இழுத்தால் பின்னால் பத்து துணை மென்பொருள் வரும். ஒவ்வொருவர் வீட்டு விண்டோஸுக்கும் அதை மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நடந்தபாடில்லை. அதனால் ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரையே அப்படியே அனுப்பிவிடுகிறார்கள், உங்கள் வீட்டு விர்ச்சுவல்பாக்ஸ் (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள்) அதற்கு இடம் கொடுக்கிறது. 2011-இல் டெஸ்ட்4தியரி என்ற பெயரில் இது வந்தது, இப்போது தியரி என்கிறார்கள். உள்ளே பித்தியா, ஹெர்விக், ஷெர்பா போன்ற ப்ரோகிராம்கள் துகள் மோதல்களை ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்க்கும். அந்த விடையை நிஜச் சோதனையில் கிடைத்த அளவீடுகளோடு பிறகு ஒப்பிடுவார்கள். இதில் இன்னொரு நிம்மதி: உள்ளே ஓடும் லினக்ஸுக்கு உங்கள் போட்டோவோ பேங்க் ஃபைலோ தெரியாது. பாயிங்க் தன் வேலைக்கு வைத்திருக்கும் ஃபோல்டர் மட்டும்தான் பொது.

நிறுவுவது அரைமணி நேர வேலை. எல்எச்சி அட் ஹோம் தளத்தில் எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று பார்த்து விர்ச்சுவல்பாக்ஸையும் பாயிங்க்கையும் போடுங்கள். அதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியூ என்று போய்ப் பாருங்கள். ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற இடத்தில் ‘எனேபிள்ட்’ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்கில்) போய் இயக்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருக்கும். ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று இருக்கும். அந்தப் பெயர் தெரியாமல் நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

விண்டோஸ் 11-இல் இன்னொரு வில்லங்கம், ஹைப்பர்-வி. மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடு அது. அது முழித்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும், ஆனால் தவழும். நீங்களே ஒரு மெஷின் உருவாக்கி ஓட்டினால் ஜன்னலின் கீழ்ப் பட்டையில் ஒரு பச்சை ஆமை படம் வரும். கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், உண்மையிலேயே ‘மெதுவாக ஓடுகிறது’ என்பதற்கான அடையாளமாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு, கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்தால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்2-வும் இதோடு சேர்ந்து போய்விடும். தேவையா என்று யோசித்துச் செய்யுங்கள்.

போடுவது இவ்வளவுதான். நிறுத்தக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஒரு தென்மேற்குப் பருவம் முழுக்கப் பிடித்தது.

ஆனி, ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கினாலே கரண்ட் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, விர்ச்சுவல் மெஷினுக்கு அது உயிர் போகிற விஷயம். ஷெர்பா வேலை ஒன்று நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் மூன்று முறை கரண்ட் போய் வந்தது. அப்புறம் பார்த்தால் பாயிங்க்கில் அந்த வேலைக்கு நேராக ‘போஸ்ட்போன்ட்: விஎம் ஜாப் அன்மேனேஜபிள், ரீஸ்டார்ட்டிங் லேட்டர்’ என்று நிற்கிறது. மறுநாள் பிழை என்று முடிந்தது. நாலு நாள் கரண்ட் வீண்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை. அதைத் தள்ளிவிட்ட பிறகு கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அசைவதில்லை. உங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் எட்டிப் பாருங்கள், எல்லா மாடலிலும் இருக்காது.

கரண்ட் போகாவிட்டாலும் நாமே கொல்வதுண்டு. இரவு பட்டென்று ஷட் டவுன் கொடுத்தால், ஓடும் மெஷின் தன் நிலையை டிஸ்கில் எழுதி முடிப்பதற்குள் விண்டோஸ் அதைத் துண்டித்துவிடும். ஆகவே முதலில் பாயிங்க்கை வெளியேறச் சொல்லுங்கள், டாஸ்க்குகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம், டிஸ்க் மெதுவானது என்றால் இரண்டு நிமிடம் பொறுங்கள். டாஸ்க் மேனேஜரில் விபாக்ஸ்ஹெட்லெஸ் என்ற பெயர் மறைந்த பிறகு கம்ப்யூட்டரை அணையுங்கள். கடையில் ஷட்டரை இழுக்குமுன் தராசையும் லைட்டையும் அணைக்கிற மாதிரி எனக்குப் பழகிவிட்டது. இன்னொன்று, செட்டிங்கில் ‘நிறுத்தி வைத்திருக்கும்போதும் மெமரியில் விட்டுவை’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் எனக்கு டேலி வேகமாகத் திறக்க வேண்டும். அதனால் மொத்த கோரில் பாதிதான் கொடுக்கிறேன். முழுவதையும் கொடுத்தால் ஃபேன் இரைச்சலில் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். செலவையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக 100 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் இந்த 144-உம் மேல்படி விலையில்தான் விழும். இதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது பெயருக்கு நேராகக் கொஞ்சம் புள்ளிகள், பைசா கிடையாது.

ஒரு நாள் பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து மாமா வந்திருந்தார். தியரி ஓடும் மெஷினின் கன்சோலைத் திறந்து வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் எத்தனை மோதல் முடிந்தது என்று நூறு நூறாக எண்ணிக்கை ஏறும், சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். என்ன இது என்றார். பூமிக்கடியில் துகள் ஆராய்ச்சி என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

“ஏப்பா, அந்த நியூட்ரினோக்காரங்க சமாச்சாரமா? நம்ம மலையக் குடையிறதுக்கு நீயே வீட்ல கரண்டு குடுக்குறியா?”

பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்துக்கு 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு என்று தெரியாதவர்களுக்கு அவர் முகம் புரியாது. அது வேறு மாமா, இது சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் என்று விளக்கினேன். போடிமெட்டில் நின்றால் இந்தக் கால் தமிழ்நாடு, அந்தக் கால் கேரளா என்பது போல அந்த வளையம் கிடப்பதே இரண்டு நாட்டில்.

“அங்க மலை இல்லையா?”

இருக்கிறது. ஜூரா மலை, சுரங்கத்தில் ஒரு பகுதி அதன் அடிவாரத்துக்குக் கீழேதான் போகிறது. சொன்னேன். “பாத்தியா” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். 8 ஜிபியில் தியரி வேலை ஒன்று ஓடும். ஒரே ஒன்று. தளத்தில் உங்கள் கணக்கில் அதிகபட்ச வேலை 1, சிபியூ 1 என்று வைத்துவிடுங்கள். அட்லஸ் வேலையை (அதே தளம் அனுப்பும் இன்னொரு வகை வேலை) எடுக்காதீர்கள். அது ரேமில் பாதியைத் தின்னும், ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான எம்பி இறக்கி ஏற்றும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கட்டுப்படியாகாது. தியரிக்கும் இன்டர்நெட் தொடர்ந்து இருக்க வேண்டும், தேவையான மென்பொருளை ஓடும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ஓடு என்று பாயிங்க்கில் வைத்துவிடலாம். லினக்ஸ் போட்டிருப்பவர் என்றால் விர்ச்சுவல் மெஷினே இல்லாமல் தியரியை நேரடியாக ஓட்ட வழி இருக்கிறது, சரி, அது தனிக் கதை.

உங்கள் சொந்தப் படிப்புக்கு ஆராய்ச்சி மென்பொருள் வேண்டும் என்றால் கணக்கு வேறு. வரைபட வேலைக்கு ஓஎஸ்ஜியோலைவ் என்று க்யூஜிஐஎஸ், கிராஸ் எல்லாம் போட்டே வரும் தயார் விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது, அக்கா மகள் அதில்தான் ப்ராஜெக்ட் முடித்தாள். மூலக்கூறு உருவகப்படுத்தும் குரோமேக்ஸ் மாதிரி கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் வேலை என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் உதவாது, உள்ளே இருக்கும் லினக்ஸ் உங்கள் கார்டை அந்த வேலைக்குப் பயன்படுத்த முடியாது. அங்கே டபிள்யூஎஸ்எல்2 ஒரு வழி. அதாவது மேலே எடுக்கச் சொன்ன விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை மறுபடி இயக்க வேண்டியிருக்கும்.