செவிலியரிடம் கேளுங்கள்: பிரஷர் பார்ப்பதற்கும் சான்று வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. எங்கள் ஊர் நலவாழ்வு மையத்தில் செவிலியர் பிரஷர் பார்த்தபோது 156/94 இருந்தது. சிறிது நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார். 146/90 என்று வந்தது. மாத்திரை எதுவும் தராமல் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். டாக்டராக இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பார் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். செவிலியர் பொறுப்பைத் தட்டிக்கழித்தாரா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: தட்டிக்கழிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அம்மா வெயிலில் நடந்து வந்து, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு, வந்த வேகத்தில் கையை நீட்டியிருந்தால் முதல் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிறகு ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறையாவது அளக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது அளவு பத்துப் புள்ளி இறங்கியதே அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

கையை எங்கே வைக்கிறோம், எந்தப் பட்டையைச் சுற்றுகிறோம் என்பதும் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிற பருத்த கையில் வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு ஏறக்குறைய 20 புள்ளி கூடுதலாகக் காட்டியது. மறு ஆண்டு அவர்களே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கையைத் தொங்கவிட்டு அளந்ததால் மட்டும் மேல் அளவு ஆறு புள்ளிக்கு மேல் ஏறியது. பட்டை பொருந்தாததற்காக ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவு 180/110-ஐத் தொடாமலும் வேறு தொந்தரவு இல்லாமலும் இருந்தால், இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்த பிறகே இரத்தக் கொதிப்பு என்று முடிவு செய்வது முறை. ஆனால் அந்த இரண்டாவது சந்திப்பைத் தவறவிடாதீர்கள். 146/90 என்பது கண்டுகொள்ளாமல் விடத்தக்க அளவும் அல்ல. இடையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். முதல்நிலை மருத்துவத்தை மருத்துவருக்கு இணையாக நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதவும் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்) செய்ய முடியும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். இதற்கு உண்மையிலேயே சான்று இருக்கிறதா, அல்லது நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்கிறோமா?
– மாணவி, மதுரை

பதில்: சான்று இருக்கிறது, அதற்கு எல்லையும் இருக்கிறது. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் மறு பகுதியினரை மருத்துவரிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பினரின் உடல்நிலையிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் கீழ் அளவு மட்டும் செவிலியர் பக்கம் 82, மருத்துவர் பக்கம் 85. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட மதிப்பீடும் ஏறக்குறைய இதே திசையில்தான் சொன்னது. செவிலியர் ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் அது குறித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்துச்சீட்டுப் புத்தகம் அச்சடிக்கப் போய்விடாதீர்கள். நியூயார்க் ஆய்வில் இருந்த செவிலியர்கள் அதற்கென்றே பட்ட மேற்படிப்புப் படித்தவர்கள்; மருந்து எழுதும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டப்படி இருந்தது; நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியும் மருத்துவருக்கு இருந்ததைப் போலவே இருந்தது. தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது; பேறுகாலப் பராமரிப்புக்கு 2018-இல் தனி வழிகாட்டுதல் வந்தது. நலவாழ்வு மையச் செவிலியர் வரையறுக்கப்பட்ட மருந்துகளை நெறிமுறைப்படி தருகிறார். அதிகாரம் விரிய வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் படிப்பும் சட்டமும் மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியும் சேர்ந்து விரியாமல் அதிகாரம் மட்டும் விரிந்தால், நீங்கள் நம்பியிருக்கும் அந்தச் சான்று உங்களுக்குப் பொருந்தாமல் போய்விடும்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்கள், ‘ஊசி போடுங்க, இல்லாட்டி குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று நிற்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம்

பதில்: 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பாத்திரங்களில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் செய்து பல உயிர்களைக் காப்பாற்றினார். உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சான்று அவ்வளவு பெரியது. ஆனாலும் அழுகிற குழந்தையோடு நிற்கும் தாயிடம் வரலாறு எடுபடாது.

பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, ‘குடிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்’ என்று திரும்பி வந்தவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கேயே சரியான அளவில் கரைத்து, தாயின் கையாலேயே கரண்டி கரண்டியாக ஊட்டச் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம் என்று, போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்க வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்ற குழந்தைகளை ஒரு மணி நேரம் உங்கள் பெஞ்சிலேயே உட்கார வையுங்கள். நாக்கு ஈரமாகி, குழந்தை தானாகவே டம்ளருக்குக் கை நீட்டுவதைத் தாய் பார்த்துவிட்டால், ஊசிப் பேச்சு பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.