‘ஒரிஜினல்’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைனில் வாங்கிய, வாங்கப்போகிற துணி அசல்தானா என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், ‘லாகோஸ்ட் ஒரிஜினல், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், திருப்பூர் நேரடி விலை’ என்று போட்டு காலர் டி-ஷர்ட்டை 799 ரூபாய்க்குத் தருகிறது. எல்லா சைஸும், பன்னிரண்டு நிறங்களும் இருக்கின்றனவாம். திருப்பூரில் மீந்த சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: உண்மைதான். ஏற்றுமதி ஆர்டரில் ஓட்டை, கறை, தையல் பிசகு வரும் என்று தெரிந்தே, கேட்ட எண்ணிக்கைக்கு மேல் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். மீந்ததும் கழித்ததும் ஸ்டாக் லாட்டாக, அதாவது மொத்தமாகத் தள்ளிவிடும் சரக்காக, திருப்பூர் காதர்பேட்டை போன்ற இடங்களுக்கு வரும். ஆனால் அப்படி வரும் சரக்குக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. நீங்கள் சொன்ன பக்கத்தில் அந்த இரண்டுமே இல்லை.

முதலாவது, லேபிள். பிராண்டின் பெயரோடு உள்ளூரில் விற்கக்கூடாது என்று வெளிநாட்டு பையர்கள் பொதுவாக நிபந்தனை போடுவார்கள். அதனால் கழுத்து லேபிள் கத்தரிக்கப்பட்டிருக்கும், அல்லது பெயர் அடிக்கப்பட்டிருக்கும். தொங்கும் அட்டை, விலை ஸ்டிக்கர், கழுத்து லேபிள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தால் அவை பிறகு தைக்கப்பட்டவை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு உடையில் போலியாகச் செய்ய மிக மலிவானது லேபிள்தான்.

இரண்டாவது, சைஸ். மீந்த சரக்கில் சைஸ் செட் உடைந்திருக்கும். எக்ஸ்எல் நாற்பது கிடக்கும், மீடியம் ஒன்றுகூட இருக்காது. நிறமும் ஒன்றிரண்டுதான். எல்லா சைஸும் எல்லா நிறமும் மாதக்கணக்கில் இருப்பில் இருந்தால் அது சர்ப்ளஸ் அல்ல, அதற்கென்றே ஓட்டிய உற்பத்தி.

வாங்குமுன் மூன்று படங்கள் கேளுங்கள்: நெஞ்சில் உள்ள முதலையின் க்ளோஸ்-அப், அதே இடத்தின் உள்பக்கம், ஒரு பட்டன். லாகோஸ்டின் வழக்கமான பச்சை முதலை தனித் துண்டாக நெய்து டி-ஷர்ட்டின் மேல் வைத்துத் தைக்கப்படுவது. உள்பக்கம் திருப்பினால் அதன் விளிம்புக் கோடு மட்டும் மெலிதாகத் தெரியும். போலியில் துணியின் மேலேயே எம்ப்ராய்டரி போட்டிருப்பார்கள். உள்ளே நூல் அடர்ந்து, பின்னால் வெள்ளைக் காகிதம் போன்ற பேக்கிங் ஒட்டியிருக்கும். முதலையின் தலை, எதிரே நின்று பார்க்கும் நமக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டும். பற்களும் சிவந்த வாயும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்; போலியில் அவை ஒன்றாகக் குழம்பியிருக்கும். எல்.12.12 என்ற அவர்களின் பழைய மாடலில் பட்டன் முத்துச்சிப்பியால் ஆனது, இரண்டே துளை. தொட்டால் பிளாஸ்டிக்கைவிடச் சில்லென்றிருக்கும், ஒவ்வொரு பட்டனிலும் மினுமினுப்பு வேறுபடும். நான்கு துளை பிளாஸ்டிக் பட்டனோடு ‘கிளாசிக் மாடல்’ என்று யாராவது விற்றால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

படம் கேட்டதும் ‘நம்பிக்கை இல்லேன்னா வாங்காதீங்க ப்ரோ’ என்று பதில் வந்தால், அந்த அறிவுரையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லீவைஸ் ஜீன்ஸ் வாங்கினேன். பின் பாக்கெட்டில் உள்ள சிவப்பு டேபில் பெயரே இல்லை; வட்டத்துக்குள் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. இடுப்பில் உள்ள பேட்ச்சும் தோல் இல்லை, கனத்த அட்டை மாதிரி. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஓசூர்

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பெயர் இல்லாமல் வெறும் பதிவுக்குறி (வட்டத்துக்குள் ‘ஆர்’) மட்டும் உள்ள டேப்களையும் அந்த நிறுவனமே ஒரு பங்கு ஜீன்ஸ்களில் வைக்கிறது. எழுத்துகள் மட்டுமல்ல, அந்தச் சிவப்புத் துண்டும் அது இருக்கும் இடமுமே தங்கள் வணிகச்சின்னம் என்று காட்டுவதற்காக. பேட்ச்சும் இப்போது பல மாடல்களில் தோல் அல்ல.

பார்க்க வேண்டியது வேறு. இடுப்புப் பட்டனின் பின்புறத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். உள்ளே உள்ள பராமரிப்பு லேபிளில் தொழிற்சாலைக் குறியீடு இருக்கும். பொதுவாக இரண்டும் ஒத்துப்போகும். போலி செய்பவர் பட்டனை ஓரிடத்திலும் லேபிளை வேறிடத்திலும் வாங்குவதால் இங்கேதான் அடிக்கடி மாட்டுவார். ரிவெட்டுகளில் (பாக்கெட் மூலைகளில் உள்ள உலோகக் குமிழ்கள்) நிறுவனத்தின் சுருக்கெழுத்து ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். நகத்தால் தேய்த்தால் பூச்சு உரியக்கூடாது. பின் பாக்கெட்டின் இரட்டை வளைவுத் தையலில் இரு கோடுகளும் சீரான இடைவெளியில் ஓட வேண்டும்.

ஜிப்பில் ‘ஒய்கேகே’ என்று ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பலர் பார்க்கிறார்கள். அதை விட்டுவிடலாம். போலி ஜிப்பிலும் அதே எழுத்தை அடிக்கிறார்கள். அசலான பெரிய பிராண்டுகள் சில வேறு ஜிப் போடுகின்றன.

கேள்வி: டேகில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பிராண்டின் இணையதளம் திறக்கிறது. அது போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. முகப்புப் பக்கத்துக்குப் போகும் கோடை யாரும் அச்சடிக்கலாம். ஒவ்வொரு உடைக்கும் தனி எண் தரும் ஏற்பாடுதான் பயனுள்ளது. ஸ்டோன் ஐலண்ட், டீசல் போன்ற பிராண்டுகள் செர்ட்டிலோகோ என்ற சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. அதிலும் டேகில் உள்ள கோடு காட்டும் பக்கத்தை நம்பாமல், முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய் எண்ணைப் போடுங்கள். ஒரே அசல் எண்ணை ஆயிரம் போலிகளில் அடிப்பதும் நடக்கிறது; அப்படிப்பட்ட எண் ‘பலமுறை சோதிக்கப்பட்டது’ என்று எச்சரிக்கை தந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

நைக்கி உடைகளில் உள்தையலில் ஒரு சின்ன லேபிளில் ஸ்டைல் எண் இருக்கும்: ஆறு எழுத்து-எண்கள், ஒரு கோடு, பிறகு நிறத்துக்கான மூன்று இலக்கம். அதைக் கூகுளில் போட்டால் அதே உடை, அதே நிறத்தில் வர வேண்டும். நீல டி-ஷர்ட்டின் எண்ணைத் தேடினால் கறுப்புக் கால்சட்டை வந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

கேள்வி: மகள் கல்யாணத்துக்காக ஒரு தளத்தில் ‘காஞ்சிபுரம் பியூர் சில்க், சில்க் மார்க் உண்டு, அசல் ஜரிகை, கைத்தறி’ என்ற புடவையைப் பார்த்து வைத்திருக்கிறேன். 6,500 ரூபாய். வாங்கலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: அம்மா, அந்த ஒரு வரியில் நான்கு தனித்தனி வாக்குறுதிகள் இருக்கின்றன. சில்க் மார்க் அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் சாட்சி.

மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய முத்திரை அது. நூல் பட்டு என்று மட்டும் சொல்லும். காஞ்சிபுரத்தில் நெய்ததா, கையால் நெய்ததா, ஜரிகையில் வெள்ளி உண்டா என்பதைப் பற்றி அது பேசாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் என்ற வேறு முத்திரை இருக்கிறது. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் ‘எந்த முத்திரை, என்ன எண்?’ என்று கேளுங்கள். ஹோலோகிராம் உள்ள சில்க் மார்க் அட்டையின் எண் தெரியும்படி படம் வாங்கி, வாரியத்தின் செயலியிலோ தளத்திலோ சரிபாருங்கள். அட்டை நூலால் கட்டப்படுவது. ஒரு புடவையிலிருந்து அவிழ்த்து இன்னொன்றில் கட்ட முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலையை நீங்களே கணக்குப் போடலாம். அசல் ஜரிகை என்றால் அரசு சார்ந்த ஜரிகை ஆலை தரும் கலவையில் வெள்ளி சுமார் 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. புடவையில் எத்தனை கிராம் ஜரிகை என்று கேளுங்கள். 100 கிராம் என்றால் வெள்ளி மட்டும் 40 கிராம். அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதோடு அரைக் கிலோ அளவுக்குப் பட்டு நூல், சாயம், நெசவாளியின் பத்துப் பதினைந்து நாள் கூலி, கடைக்காரர் லாபம். 6,500-க்குள் இவ்வளவும் அடங்காது. கிராம் கேட்டதும் விற்பவர் நழுவினால் அது ஹாஃப் ஃபைன் அல்லது டெஸ்டட் ஜரிகை, அதாவது வெள்ளி மிகக் குறைந்த மலிவு ரகம். இன்னும் கீழே போனால் பாலியஸ்டர் மேல் சுற்றியது. ஹாஃப் ஃபைன் ஜரிகையோடு நல்ல பட்டுப் புடவை வாங்குவதில் தவறே இல்லை. அசல் ஜரிகை விலை கொடுத்து அதை வாங்குவதில்தான் நஷ்டம்.

விளம்பரத் தலைப்பை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘ஃபேப்ரிக்’ என்ற இடத்தைப் படியுங்கள். ‘ஆர்ட் சில்க்’, ‘லிச்சி சில்க்’, ‘சில்க் பிளெண்ட்’, ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’ என்று அங்கே இருந்தால் அது செயற்கை நூல் அல்லது கலப்பு. மேலே கொட்டை எழுத்தில் ‘பியூர்’ என்றும் கீழே ‘ஆர்ட் சில்க்’ என்றும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

புடவை கைக்கு வந்ததும் கரையும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். கோர்வை (கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் முறை) போட்டிருந்தால் அந்தக் கோடு பல் பல்லாக இருக்கும். உடலின் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், கரைக்குள் போகாது, அதனால் கரை நிறம் கலப்பில்லாமல் பளிச்சென்று நிற்கும். உடலின் நூலே கரை வரை ஓடியிருந்தால் கரையில் இரண்டு நிறம் கலந்து தெரியும். கோர்வை இல்லாத அசல் கைத்தறிப் பட்டும் உண்டு. ஆகவே கோர்வை இல்லை என்பதால் மட்டும் போலி ஆகாது. ‘கோர்வை’ என்று சொல்லி விற்றுவிட்டு அது இல்லாமல் இருந்தால்தான் பிரச்சினை.

நூலைக் கொளுத்திப் பார்ப்பது இன்றும் நல்ல சோதனைதான், சரியாகச் செய்தால். முந்தானை நுனியில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) ஒன்றும், உள் ஓரத்தில் ஊடை நூல் ஒன்றும், இரண்டையும் எடுங்கள். பலர் ஒன்றை மட்டும் கொளுத்துகிறார்கள். பாவில் பட்டும் ஊடையில் செயற்கை நூலும் போட்டு நெய்தால் அது தப்பித்துவிடும். பட்டு மெதுவாகக் கருகும், நெருப்பை எடுத்ததும் அணையும், முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். விஸ்கோஸ் என்ற செயற்கை நூல் காகிதம் போலச் சட்டென்று எரிந்து போகும்.

ஜரிகையில் ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். அசலில் உள்ளே வழக்கமாகச் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல் இருக்கும். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் அசல் ஜரிகை அல்ல. சிவப்பு தெரிந்துவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், செயற்கை நூலுக்கும் சிவப்பு ஏற்ற முடியும். உலோக அளவை அறுக்காமல் கொள்ளாமல் எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் கருவி காட்டிவிடும். காஞ்சிபுரத்தில் அந்த வசதி உண்டு.

இழை உருவுவதையும் கொளுத்துவதையும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், பிளவுஸ் வெட்டுவதற்கு முன் செய்யுங்கள். பிளவுஸ் வெட்டிய புடவையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

கேள்வி: தளமே போலியா என்று பணம் கட்டுமுன் எப்படிப் பார்ப்பது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்கள். 15 இடங்கள், முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, குஜராத் 24), அடுத்த பத்து பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்யாமலே அதைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, உயிரோடு இருக்கிறதா ரத்தானதா என்பது வரும். ‘30 ஆண்டு பாரம்பரியம்’ என்று சொல்லும் கடை போன மாதம் பதிவாகியிருந்தால் யோசியுங்கள். சிறு வியாபாரிக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம்; பெரிய பிராண்டின் அங்கீகாரம் பெற்ற கடைக்கு இல்லாமல் இருக்காது.

படத்தைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் பத்துத் தளங்களில் பத்து விலையில் இருந்தால் சரக்கு அவரிடம் இல்லை. பெரிய விற்பனைத் தளங்களில் வாங்கினாலும் ‘விற்பவர்’ யார் என்ற பெயரைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் பிராண்டின் கடையும் முன்பின் தெரியாத கடையும் மாறி மாறி வரும். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தாண்டி, வாங்கியவர்கள் போட்ட படங்களையும் இரண்டு மூன்று நட்சத்திர விமர்சனங்களையும் படியுங்கள்.

கேள்வி: வந்தது போலி. ‘ஆஃபர் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, பொருள் போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆகவே சாட்டில் சண்டை போடாமல் அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்டர் எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் உறை, பிரித்தபோது எடுத்த வீடியோ, போலி என்று காட்டும் படங்கள் எல்லாம் அதோடு இருக்கட்டும். டேகைக் கழற்றாதீர்கள், துவைக்காதீர்கள். பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கும் படம் அனுப்பி எழுத்தில் பதில் வாங்க முடிந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். போலிப் பொருள் என்பதே அதற்கு ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று. அதற்கும் கெடு உண்டு, தளத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். யுபிஐயில் இந்த வழி எளிதல்ல. அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், ஆன்லைனில் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு தளமே காணாமல் போயிருந்தால் 1915 அல்ல, 1930: சைபர் குற்ற எண். அங்கே முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

கேள்வி: ஃபர்ஸ்ட் காப்பி (அசல் போலவே செய்த போலி) என்று தெரிந்தே வாங்கிப் போட்டால் குற்றமா?
– வாசகர், வேலூர்

பதில்: வணிகச்சின்னச் சட்டம், 1999 போலிச் சின்னம் போடுபவரையும், விற்பவரையும், விற்பதற்காக வைத்திருப்பவரையும்தான் பிடிக்கிறது: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்தத்துக்கு ஒன்று வாங்கி உடுத்துவது அதில் வராது. நண்பர்களுக்கும் சேர்த்துப் பத்து வரவழைத்து ஆளுக்கு நூறு ரூபாய் லாபம் வைத்துக் கொடுத்தால், நீங்களும் விற்பவர்தான்.