கோழிப்பண்ணையை ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பத்தில் சொந்தக் கட்டுரை ஒன்று கேட்கிறார்கள். எங்கள் கோழிப்பண்ணையில் தினமும் முட்டை விலையைக் குறித்துவைக்கும் நோட்டைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறாள். இது கௌரவமாக இருக்குமா? ஆலோசகர் ஒருவர் 40 ஆயிரம் ரூபாய் கொடுத்தால் தலைமைப் பண்பு, சமூக சேவை எல்லாம் சேர்த்து அவரே எழுதித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்திருப்பது அந்த ஆலோசகருக்குத் தெரியவில்லை.

தலைமைப் பண்பு, சேவை, கோப்பை, சான்றிதழ் இவற்றுக்கெல்லாம் அதே விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. 10 செயல்பாடுகள் வரை அங்கே பட்டியல் போடலாம். மதிப்பெண்ணைப் பள்ளி அனுப்பிவிடும், குணத்தைப் பற்றி ஆசிரியர் கடிதம் எழுதுவார். இத்தனைக்குப் பிறகும் 250 முதல் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை கேட்கிறார்கள் என்றால், மற்ற தாள்களில் கிடைக்காத ஒன்றைத் தேடுகிறார்கள் என்று பொருள். இந்தப் பிள்ளை எதைக் கவனிக்கிறாள், கவனித்ததை வைத்து எப்படி யோசிக்கிறாள் என்பதுதான் அது. ‘சிறு வயது முதலே சமுதாயத்துக்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற வேட்கை என்னுள் இருந்தது’ என்று ஆலோசகர் ஆரம்பிப்பார். மேலே எந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் அந்த வரி பொருந்தும். அதனால்தான் அது உதவாது.

அந்த நோட்டுக்கு வருவோம். அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் நாமக்கல் முட்டை விலை எப்படி நகரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து காசு, பத்துக் காசு ஏற்ற இறக்கம்கூடச் செய்தியாகிற ஊர். புரட்டாசி பிறந்தால் பாதி வீடுகளில் முட்டை நுழையாது. கோழிக்குப் புரட்டாசி தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிடும், அது பாட்டுக்குத் தீவனம் தின்னும். மக்காச்சோளம் விற்றவர் பெருமாள் மாதம் என்று விலையைக் குறைத்துக்கொள்வாரா? வாங்குகிறவரின் விரதச் செலவு பண்ணைக்காரர் தலையில் விழுகிறது. பதினேழு வயதுப் பெண் இதைத் தன் கையெழுத்துக் கணக்கிலிருந்தே கண்டுபிடித்து, ‘அப்பா, அப்படியானால் ஆவணியிலேயே பழைய கோழிகளைக் கழித்துவிட்டால் என்ன?’ என்று கேட்டிருந்தால், பொருளாதாரத் துறைப் பேராசிரியர் எழுந்து உட்கார்ந்து படிப்பார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அவள் ஒப்புக்கொண்டாளா என்பதும் கட்டுரையில் வர வேண்டும். பண்ணையை வர்ணிக்க 200 சொல் தாராளம். மீதி முழுக்க அவள் யோசனை ஓடிய வழி. புரட்டாசி என்றால் என்னவென்று அமெரிக்காக்காரருக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். கோழிப்பண்ணை என்றதும் கண்ணீரைக் கலக்கச் சொல்வார்கள். கஷ்டப்படாத வீட்டைக் கஷ்டப்பட்டதாகக் காட்டுவது பொய். விண்ணப்பத்தின் கடைசியில், இது என் சொந்த எழுத்து, சொன்னவை உண்மை என்று உங்கள் மகள்தான் உறுதி அளிக்கிறாள், ஆலோசகர் இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதையும் காமன் ஆப் மோசடிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. பிடிபட்டால் கிடைத்த இடமும் போகும்.

இந்தக் கட்டுரை முறையைப் புனிதமாக்கவும் வேண்டாம். மதிப்பெண்ணைத் தாண்டிக் ‘குணநலன்’ பார்க்கிறோம் என்று ஹார்வர்டு, கொலம்பியா போன்றவை 1920-களில் கிளம்பியதற்கு, நன்றாகப் படித்து உள்ளே வந்துகொண்டிருந்த யூத மாணவர்களைக் குறைக்கும் நோக்கமும் ஒரு காரணம். நம் ஊர் கட்-ஆஃப் முறையைத் திட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் இதே கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள். அங்கே பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான். எந்தப் பாடம் படிக்கப் போகிறாய், ஏன், அதற்கு என்ன தயாரிப்பு என்பதே அவர்கள் அக்கறை. பொருளாதாரம் கேட்டால் முட்டை விலை இரண்டு வரி வரலாம்; உயிரி வேதியியல் கேட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் காமன் ஆப்பில் இல்லை. எட்டுக் கேள்வியில் நான்குக்கு, தலா 350 சொல்லுக்குள் பதில் கேட்கிறது.

நீங்கள் செய்யக்கூடிய உதவி உண்டு. எழுதி முடித்ததும் படித்துப் பார்த்து, விலையும் மாதமும் சரியா என்று மட்டும் சொல்லுங்கள். ஆங்கிலத்தை அலங்கரிக்கப் போகாதீர்கள். பெயர் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் விண்ணப்பக் கட்டணமே 75 டாலர், அதற்கு மேலும் உண்டு. அந்த 40 ஆயிரம் அதற்கு ஆகும்.