உங்கள் கோட்டில் யாருடைய கை?

இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் படம் வரைகிறேன். ஓவியத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கரூர்): பின்ட்ரெஸ்டில் இரண்டாயிரம் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கென்று ஒரு பாணி வரவில்லையே?

பதில்: இரண்டாயிரம் இருப்பதால்தான் வரவில்லை. மூன்றே மூன்று ஓவியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களை ரசித்தது போதும். அவர்கள் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று தேடுங்கள். வான்கோவைப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாரிஸில் இருந்தபோது ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களைச் சேர்த்துக் குவித்தார். 1887இல் ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் இரண்டு படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகல் செய்தார். எய்சென் என்ற இன்னொரு ஜப்பானியர் வரைந்த ஒரு பெண்ணுருவத்தைச் சதுரக் கட்டம் போட்டுப் பெரிதாக்கினார், நம் ஊர் பேனர் ஓவியர்கள் செய்வார்களே, அதே மாதிரி. பிறகு வந்த அவருடைய ஓவியங்களில் தட்டையான நிறப்பரப்பையும் அழுத்தமான வெளிக்கோட்டையும் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தது வான்கோவா, அவருக்குள் இருக்கும் ஹிரோஷிகேயா? இதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி (விசுவல் கம்யூனிகேஷன் மாணவர், மதுரை): இப்படி நகலெடுத்துக்கொண்டே இருந்தால் தனித்தன்மை போய்விடாதா?

பதில்: எனக்குப் போகத்தான் செய்தது. ஆரம்பத்தில் ஒரு பதிப்பகத்துக்கு அட்டைப்படம் கொண்டுபோனேன். ஆசிரியர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆதிமூலம் சார் வரைந்ததா?" என்றார். கோட்டோவியங்களுக்குப் பேர்போனவர் ஆதிமூலம். பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், ஆதிமூலத்திடமிருந்து நான் எடுத்தது குறுக்கும் நெடுக்குமான அந்தக் கீறல்களை மட்டுமே என்று புரிந்தது. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் காந்தியை எத்தனையோ விதமாகக் கோட்டில் வரைந்தார். ஒரே முகத்தை, உடம்பைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் எதை விடலாம் என்று கை கற்றுக்கொள்கிறது. நானோ முடிந்துபோன கோட்டை மட்டும் திருடி வந்திருக்கிறேன்.

வங்காள ஓவியர் ஜாமினி ராயைப் பாருங்கள். கல்கத்தா கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று, உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். 1920களில் காளிகாட் படங்கள் பக்கம், அதாவது கல்கத்தா காளி கோயிலருகே விற்ற நாட்டுப்புறப் படங்கள் பக்கம் திரும்பினார். கண்ணின் வடிவத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை; எண்ணெய் வண்ணத்தையே விட்டுவிட்டு மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்த வண்ணங்களுக்குப் போனார். ஒருவரின் பொருள், முறை, காரணம் வரைக்கும் இறங்கினால் சாயல் தானாகக் கரைந்துவிடும்.

இன்னொன்று, பயிற்சிக்காகச் செய்த நகலை விற்காதீர்கள். ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நம் நாட்டில் காப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906இல் இறந்தவர், அவரிடம் தாராளமாகக் கை வைக்கலாம். ஊரே வைத்தாயிற்று.

கேள்வி (ஒரு தந்தை, திருவாரூர்): பையன் ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறான். சோறு போடுமா தம்பி?

பதில்: ஐயா, ஓவியம் மட்டும் என்றால் முதல் சில வருடம் போடாது. இது புதுக் கவலையும் இல்லை. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியது. முன்னின்றவர் கே.சி.எஸ். பணிக்கர், அப்போது சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வர். கூடச் சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் சமாளித்தார்கள். பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் சொந்த ஓவியம். அதே பணிக்கர்தான் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துக் கிறுக்கல்களையும் தேடிப்போய் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வரைந்தார்.

உங்கள் பையனுக்கு இன்றைய பாத்திக் எது என்று அவனையே கேளுங்கள். பாடநூல் படமா, அனிமேஷன் ஸ்டோரிபோர்டா, துணி டிசைனா, பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலையா? பதில் வைத்திருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லையென்றால் தேடச் சொல்லி ஆறு மாதம் கொடுங்கள், திட்டாதீர்கள்.

கேள்வி (சேலம்): எந்தக் கல்லூரி நல்லது?

பதில்: ஓவியம், சிற்பம் என்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. டிசைன் பக்கம் என்றால் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.). நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே தயாராகுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி (இல்லத்தரசி, புதுக்கோட்டை): நாற்பது வயதில் மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஆர்ட் கேலரி எதுவும் இல்லை. ஆராய்ச்சி என்று எங்கே போவது?

பதில்: அக்கா, சித்தன்னவாசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி கேட்கலாமா! அந்தச் சமணக் குகைக்கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். பஸ் பிடித்துப் போங்கள், போனைப் பையிலேயே வையுங்கள். முதல் நாள் இலைகளின் வளைவை மட்டும் வரையுங்கள். அடுத்த முறை, எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். ரொம்பக் குறைவாக இருக்கும். மூன்றாம் முறை, பூவையும் விலங்கையும் எப்படி இடைவெளி விட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட ஆசை என்றீர்களே, ஒரு பக்கத்தை நிரப்புவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பார்க்காமல் ஒருமுறை வரையுங்கள். மனதில் நிற்காதது உங்களுக்கு வேண்டாதது.

கேள்வி (கோவை): வேலை கேட்டுப் போகும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் எத்தனை படம் வைக்கலாம்?

பதில்: பன்னிரண்டு போதும். கூடவே ஸ்கெட்ச்புக்கிலிருந்து நாலைந்து பக்கம், அடித்தல் திருத்தலோடு. நான் ஆள் எடுக்க உட்கார்ந்தால் முதலில் புரட்டுவது அதைத்தான்.