பின்தங்கிய ஃபார்முலா 1 அணி தலைவரை மாற்றினால் மீளுமா?

மீளலாம், ஆனால் அதற்குக் கால அவகாசமும், மாற்றத்தோடு அதிகாரமும் சேர்ந்து கைமாறுவதும் தேவை. 2022 டிசம்பரில் மெக்லாரன் அணியின் தலைவர் ஆண்ட்ரியாஸ் சைடல், போட்டி அணியான சாபரின் நிறுவனத்துக்குச் சென்றதும், ஆண்ட்ரியா ஸ்டெல்லா அந்தத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டின் முதல் பந்தயமான பஹ்ரைனில், எஞ்சினின் காற்றழுத்தக் கசிவைச் சமாளிக்க அணியின் ஓட்டுநர் லாண்டோ நாரிஸ் ஆறு முறை பிட்டுக்குள் (பந்தயத்தின் நடுவே காரைச் சரிசெய்யும் இடத்துக்கு) வந்து 17ஆம் இடத்தில் முடித்தார். புதியவரைக் குறைசொல்ல அது போதுமானதாகத் தோன்றினாலும், அந்தக் கார் அவர் பதவியேற்கும் முன்பே வடிவமைக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்டெல்லா செய்த முக்கியமான காரியம், தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரிடம் குவிந்திருந்த பொறுப்பை 2023 மார்ச்சில் மூவருக்குப் பிரித்தளித்தது என்பதே என் கணிப்பு. அதே ஆண்டு ஆஸ்திரியாவில் காரில் வந்த மேம்பாடுகளுக்குப் பின், சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் பந்தயத்தில் நாரிஸ் இரண்டாம் இடம் பிடித்தார். 2024இல், 1998க்குப் பிறகு முதன்முறையாக, அணி கட்டமைப்பாளர் பட்டத்தை (அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை) வென்றது.

அதற்காக எல்லாப் புகழையும் ஸ்டெல்லாவுக்கே கொடுத்துவிட முடியாது. 2023இல் இயங்கத் தொடங்கிய, மெக்லாரனின் தலைமையகமான வோக்கிங்கில் உள்ள காற்றுச் சுரங்கம் (கார்மீது காற்று பாயும் விதத்தைச் சோதிக்கும் கூடம்) அவர் பதவிக்கு வருமுன்பே திட்டமிடப்பட்டது.

அல்பைன் அணி நேர்மாறான உதாரணம். 2022இல் தலைவராக வந்த ஒட்மார் சாஃப்னவரை 2023 பெல்ஜியம் பந்தயத்தோடு அனுப்பினார்கள். அடுத்து புரூனோ ஃபமின், பிறகு 2024இல் ஆலிவர் ஓக்ஸ், அவரும் 2025 மே மாதத்தில் விலகினார். ஒரு புதிய கார் உருவாக ஏறத்தாழ ஓராண்டும், போட்டி அணிகளிலிருந்து அமர்த்தும் பொறியாளர்கள் ஒப்பந்தக் காத்திருப்பை (பழைய அணியை விட்டபின் புதிய அணியில் சேராமல் இருக்க வேண்டிய காலத்தை) முடித்து வந்துசேர இன்னும் பல மாதங்களும் பிடிக்கும் நிலையில், இவர்களில் எவருக்கும் தம் முடிவுகளின் பலனைப் பார்க்கும் அவகாசமே கிடைக்கவில்லை.