14,000 டாலர் பாய்மரப் படகு: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், மேரிலாண்டில் வேலை பார்க்கிறேன். அன்னாபொலிஸ் பக்கம் 1985-ல் கட்டிய கேட்டலினா 30 பாய்மரப் படகு ஒன்று 14,000 டாலருக்கு விலைக்கு வந்திருக்கிறது. என் மொத்தச் சேமிப்பு 20,000 டாலர், கடன் இல்லை. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். விலை உங்கள் கைக்கு எட்டுகிறது, பராமரிப்பு எட்டாது.

படகு விலையில் பத்து சதவீதம் ஆண்டுச் செலவு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பழைய படகுக்கு அதை நம்பாதீர்கள். உங்களுக்கு அது 1,400 டாலர்; மரினா (படகுகளை நிறுத்தும் துறை) வாடகைக்கே காணாது. நிறுத்துமிடத்துக்கு 3,500, காப்பீட்டுக்கு 500, கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்க 1,500, சில்லறைப் பழுதுகளுக்கு 1,500 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 7,000 ஆகிறது. படகை ஓட்டினாலும் சும்மா கட்டி வைத்தாலும் இதில் பெரும்பகுதி போகும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்; அது தனி. டீசல் எஞ்சின் போனால் புதிது பொருத்தும் செலவு படகின் விலையையே தொட்டுவிடும். வாங்கும்போதே மாநில வரி 5 சதவீதம், அதாவது 700 டாலர்.

அவசரப்படத் தேவையே இல்லை. இந்த மாடலில் 6,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். இது போனால் இன்னொன்று வரும். கோடை முடிந்ததும், குளிர்கால நிறுத்தக் கட்டணத்துக்குப் பயந்து பலர் விலையைக் குறைப்பார்கள். அதுவரை மாதம் 600 டாலரைத் தனிக் கணக்கில் போடுங்கள். சிரமமில்லாமல் போட முடிந்தால் படகை வைத்துக் காப்பாற்றவும் முடியும். அந்த ஆசையை நான் தடுக்கவில்லை. பாய்மரம் பழக நல்ல இடம், அன்னாபொலிஸ் கரையிலுள்ள செசபீக் விரிகுடா. இந்தக் கோடையில் ஒரு பாய்மரக் கிளப்பில் சேர்ந்து பழகுங்கள்.

வாங்கும் நாளில், சர்வே (நிபுணர் படகைச் சோதித்துத் தரும் அறிக்கை) திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் கைகாட்டுபவர் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். பழைய கேட்டலினா 30-களில் கீல் (படகின் அடியில் நீட்டியிருக்கும் கனமான பகுதி) உடலோடு சேரும் இடத்தின் முன்பக்கத்தில் விரிசல் விடும். படகுக்காரர்கள் ‘கேட்டலினா ஸ்மைல்’ என்பார்கள். மேல்தளம் தண்ணீர் உறிஞ்சியிருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பலர் கோட்டை விடுவது பாக்கி விஷயத்தில். பழைய உரிமையாளர் மரினாவுக்கோ மெக்கானிக்குக்கோ வைத்த பாக்கி, ஆளை விட்டுவிட்டுப் படகைத் தொடரும். வாங்கிய பிறகு உங்களிடம் வந்து நிற்பார்கள். பாக்கியில்லை என்று மரினாவிடம் எழுதி வாங்காமல் பணத்தைக் கைமாற்றாதீர்கள். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, மிச்சத்தில் வரி, சர்வே, முதலாண்டுச் செலவு போக என்ன நிற்கிறதோ அதற்குள் விலை பேசுங்கள்.