ஏழு பேரும் படித்தார்களா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். இன்னொன்று வேண்டாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். அவள் இன்ஜினீயரிங் முடிக்கவே இருபது லட்சமாவது வேண்டியிருக்கும். அப்பாவோ, "நாங்கள் ஏழு பேர். கஞ்சி குடித்தாவது எல்லாரையும் படிக்க வைத்தார்கள். உங்களுக்குச் சுயநலம்" என்கிறார். ஜப்பானில் மூன்று பிள்ளை இருந்தால் பல்கலைக்கழகக் கட்டணம் இலவசமாம். இங்கும் அப்படிச் செய்தால் பிறப்பு விகிதம் கூடுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஜப்பானில் அந்தத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. மூத்த பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டால், அது இரண்டு பிள்ளை வீடாகிவிடும். தம்பி தங்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் ஊரில் 2010-ல் வந்த முதல் பட்டதாரிச் சலுகையும் வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அதனால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், அது பெரிய காரியம். ஆனால் அதை நம்பி யாரும் இரண்டாவது பிள்ளை பெற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுயநலமா என்பதை விடுங்கள். அது உங்கள் இருவரின் முடிவு, யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டாம்.

உங்கள் அப்பா சொன்னதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம். நாங்கள் ஆறு பேர். பெரியக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டி, விளக்கு வைத்த பிறகும் பீடி சுற்றுவாள். கடையில் கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியில்தான் அண்ணன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தான், பிறகு நானும் படித்தேன். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். ஊரோ, பையன்களைப் படிக்க வைத்துவிட்டார் என்று அப்பாவை மெச்சியது.

அந்தக் காலத்தில் அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம்தான். விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சட்டைக்கும் யார் கொடுத்தார்கள்? அக்காக்கள் கொடுத்தார்கள். படிக்காமல் நின்று கொடுத்தார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த எத்தனையோ வீடுகளில் இரண்டு பேர் பட்டதாரி ஆனது இப்படித்தான். இன்று உங்கள் மகளை யாருக்காகவும் நிறுத்த மாட்டீர்கள். நிறுத்தக் கூடாது. அவள் முறத்தில் சுமந்திருக்க வேண்டியதை இப்போது நீங்கள் வங்கிக் கடனாகச் சுமக்கப் போகிறீர்கள். தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2020-லேயே 1.4-க்கு இறங்கிவிட்டது. கல்யாண மேடையில் நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தும் தலைவர்கள் கல்லூரிக் கட்டணத்தையும் அதே மேடையில் பேசட்டும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இருபது லட்சம் என்று எழுதுகிறீர்களே, அந்தக் கணக்கில் அரசுக் கல்லூரிக்கு இடமே இல்லையா? நான்காம் வகுப்புக் குழந்தைக்கு இப்போதே தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பிடித்து வைப்பானேன்? நம்மைப் போன்றவர்கள் பிள்ளைகளை அனுப்பாமல் ஒதுங்கியதால்தான் பல அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் இல்லாத வகுப்புகளைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவருடைய அக்கா தங்கைகள் எத்தனாவது வரை படித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.